பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குக் கிளம்பும் முன்: பழைய லேப்டாப்பில் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது

லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுப் போய் காபி கலந்து எடுத்து வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், எல்லாரும் பழி போடுவது ப்ராசஸர் மேல்தான். ஐந்தாம் தலைமுறை ஐ5, வயதாகிவிட்டது, இனி புதுசுதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கும் இயந்திரத்தில் பெரும்பாலும் குற்றவாளி அந்த டிஸ்க். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 11 மில்லி விநாடி ஆகிறது. படிக்கும் முனை இடம் மாற அதே அளவு நேரம் மேலும் பிடிக்கும். ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளை விநாடிக்கு நூறு கூட அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் ஒரு முறை எழுந்து உட்கார ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். ப்ராசஸர் பாவம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

அதனால் செலவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக, அதாவது தட்டு சுழலாமல் சில்லிலேயே தகவலைச் சேமிக்கும் டிஸ்க்காக மாற்றுவது. அடுத்து ரேம், அதாவது நடக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி. பிறகு தூசியும், ப்ராசஸர் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும். கடைசியில் பேட்டரி. ஒன்றை மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் பணம் எடுங்கள். நாலையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், பிரச்சினை வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க நாலையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். பல பேருக்கு முதல் இரண்டோடு வேலை முடிந்துவிடும்.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். வழக்கமாகத் திறக்கும் ப்ரவுசர், எக்செல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு மூன்று எண்களைக் கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் வேகம் விநாடிக்கு ஓரிரு எம்.பி. மட்டுமே என்றால் டிஸ்க்தான் தொண்டையை நெரிக்கிறது. மெமரி 85 சதவீதத்துக்கு மேலேயே இருந்தால் ரேம் போதவில்லை. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சகஜம். ரேம் தீர்ந்ததும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், டிஸ்க் மேலும் திணறும்.

மூன்றாவது எண் ப்ராசஸர் வேகம். இதை யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு வேலை கொடுத்தாலும் அது 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே மாட்டேன் என்று நின்றால், எஸ்எஸ்டி போட்டும் பிரயோஜனம் இல்லை. காரணம் சூடு, இல்லையென்றால் சார்ஜர். டெல் சார்ஜரின் முனை நடுவில் ஊசி போல ஒரு பின் இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அந்தப் பின்னோ அதற்குப் போகும் மெல்லிய ஒயரோ அறுந்தால் லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, ப்ராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரையில், அடாப்டர் வகை தெரியவில்லை என்று எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம். சார்ஜர் மாற்றினால் தீரும் நோய்க்கு மதர்போர்டு வைத்தியம் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

அடுத்து தலைமுறை. ப்ராசஸர் பெயரில் ஐ5-5200யு என்று இருந்தால் ஐந்தாம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-10210யு என்றால் பத்தாவது. இந்த எட்டு என்ற எண்ணை மனதில் வையுங்கள். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறுவது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு என்ன வழி என்பது பின்னால் வருகிறது.

கடைசியாக, உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள். டெல், லெனோவோ, ஹெச்பி மூன்றுமே கழற்றும் முறையைப் படத்தோடு இலவசமாகத் தருகின்றன. எத்தனை ரேம் ஸ்லாட், அதிகபட்சம் எத்தனை ஜி.பி., குச்சி வடிவ எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் உண்டா, எந்த ஸ்க்ரூ எங்கே என்று எல்லாம் அதில் இருக்கும். கடைக்காரரைக் கேட்டால் கையில் இருக்கும் சரக்குக்கு ஏற்ற பதில்தான் வரும்.

எஸ்.பி. ரோடில் வாங்கும்போது

பெங்களூரில் இந்த வேலைக்கு இடம் சாதர் பத்ரப்பா ரோடு, அதாவது எஸ்.பி. ரோடு. பச்சை வழித்தட மெட்ரோவில் சிக்பேட்டையிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ இறங்கி நடந்துவிடலாம். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். கன்னடமோ இந்தியோ வராவிட்டாலும் பரவாயில்லை, தமிழில் பேசினால் பதில் சொல்ல ஆள் கிடைக்கும்.

விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். 2025 கடைசியில் மெமரி தயாரிப்பாளர்கள் ஏஐ சர்வர்களுக்கான சரக்கின் பக்கம் சாய்ந்ததிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலை எகிறிக் கிடக்கிறது. அதற்குப் பதில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐடி கம்பெனிகள் லீஸ் முடிந்து கழித்துவிடும் லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் லேப்டாப்கள் இந்த ஊரில் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்எஸ்டி உள்ள ஒன்று என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் பழைய லேப்டாப்புக்கு ஆகும் மொத்தச் செலவு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கையைக் கட்டிக்கொள்வது நல்லது.

கடையில் கேட்க வேண்டியது இப்படி:

"அண்ணா, இது கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா?"

"புது சீல் பீஸா, புல்-அவுட்டா?"

"ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் போட்டுத் தருவீங்களா?"

புல்-அவுட் என்றால் வேறு இயந்திரத்திலிருந்து கழற்றியது. ரேமுக்கு அது தாராளமாகப் போதும். ரேம் சீக்கிரம் தேயும் பொருள் இல்லை. ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி கேட்டு வாங்குங்கள், அதற்குள் சோதித்து முடியுங்கள். எஸ்எஸ்டி மட்டும் பழையது வேண்டாம். அதில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பது வெளியே தெரியாது. பேட்டரியும் அப்படியே. பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். மூன்று வருட வாரண்டி உள்ள பொருளுக்கு அந்த மிச்சம் ரொம்ப விலை உயர்ந்தது.

எஸ்எஸ்டி

2012 முதல் 2017 வரை வந்த லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது சாட்டா என்ற இணைப்பில் செருகும் இரண்டரை அங்குல டிஸ்க். அதே இடத்தில் அதே அளவு சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். எஸ்எஸ்டி 7 மி.மீ. தடிமன், பழைய டிஸ்க் சிலதில் 9.5 மி.மீ. ஆடினால் டப்பாவோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஓரத்தில் ஒரு அட்டைத் துண்டு போதும்.

எம்.2 ஸ்லாட் இருந்தால்தான் குழப்பம். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் அந்தக் குச்சியில் இரண்டு ஜாதி உண்டு: சாட்டா எம்.2, என்விஎம்இ எம்.2. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். சாட்டா வகையில் பெரும்பாலும் முனையில் இரண்டு வெட்டு, என்விஎம்இ வகையில் பெரும்பாலும் ஒரு வெட்டு. சாட்டா மட்டும் தெரிந்த ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால் பயாஸ் கண்ணுக்கே அது தெரியாது. கெட்ட பீஸ் என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். மேனுவலைப் பார்க்காமல் எம்.2 வாங்காதீர்கள். நீளமும் முக்கியம்: 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்.

சாட்டா போதுமா, வேகமான என்விஎம்இக்கு ஏங்க வேண்டுமா? சாட்டா விநாடிக்கு சுமார் 550 எம்.பி. தரும். என்விஎம்இ அதைப்போல் பல மடங்கு. ஆனால் ப்ரவுசரும் வேர்டும் திறக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தட்டிலிருந்து சில்லுக்கு மாறுவதுதான் பெரிய தாவல், அது சாட்டாவிலேயே கிடைத்துவிடுகிறது. கொள்ளளவில் 240 ஜி.பி. அலுவலக வேலைக்குச் சமாளிக்கும். பணம் இடம் கொடுத்தால் 480 அல்லது 500 வாங்குங்கள். எஸ்எஸ்டி நிரம்பி வழியும் நிலையில் வேகம் குறையும், ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுவது நல்ல பழக்கம்.

நம்ப முடியாத விலைக்கு 2 டி.பி. என்று வருவதை ஏறெடுத்தும் பார்க்காதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, அளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு அது. வாங்கியதும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஆன் ஆனது என்று காட்டும். புது எஸ்எஸ்டியில் இரண்டும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தகவலை எப்படி மாற்றுவது? பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் க்ளோன், விண்டோஸை முதலிலிருந்து ஏற்றும் புது இன்ஸ்டால் என்று இரண்டு வழி. பழைய டிஸ்க்கிலும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரீஅலோகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரியில் ஒன்றாவது பூஜ்ஜியமாக இல்லை என்றால் டிஸ்க் சாகப் போகிறது. க்ளோன் பாதியில் நிற்கும், டிஸ்க்கை மேலும் களைப்பாக்கும். முதலில் முக்கியமான ஃபைல்களை மட்டும் நகல் எடுத்துவிட்டுப் புது இன்ஸ்டால் செய்யுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தாலும், ஆறு வருடக் குப்பையைப் புது வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டாம் என்பதால் எங்கள் ஓட்டு புது இன்ஸ்டாலுக்குத்தான்.

க்ளோன்தான் வேண்டும் என்றால் சாட்டா-யூஎஸ்பி கேபிள் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய். க்ளோன்சில்லா என்ற மென்பொருள் இலவசம், நம்பகமானது, ஆனால் புது டிஸ்க் பழையதைவிடச் சின்னதாக இருந்தால் சாதாரண முறையில் மறுத்துவிடும். 1 டி.பி. டிஸ்க்கிலிருந்து 500 ஜி.பி. எஸ்எஸ்டிக்குப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெயருள்ள எஸ்எஸ்டி நிறுவனங்கள் சில தங்கள் டிஸ்க்குக்கென்று தரும் இலவச மென்பொருள், பயன்படுத்திய இடத்தை மட்டும் நகலெடுக்கும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் க்ளோனுக்கு முன் அதை நிறுத்தி வையுங்கள், ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதுங்கள். ஹார்டு டிஸ்க்கை வேகப்படுத்தும் இன்டெலின் ஆப்டேன் மெமரியோடு லேப்டாப் வந்ததாக இருந்தால், டிஸ்க்கைக் கழற்றும் முன் இன்டெல் மென்பொருளில் ஆப்டேனை முடக்க வேண்டும். மறந்தால் பழைய டிஸ்க்கை வேறு இயந்திரத்தில் போட்டுப் படிக்க முடியாமல் போகலாம்.

புது இன்ஸ்டாலுக்கு 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அதில் விண்டோஸை ஏற்றித் தரும். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் லைசன்ஸ் கீ பயாஸிலேயே பதிந்திருக்கும். ஹோமா, ப்ரோவா என்பதை முன்பு இருந்ததுபோலவே தேர்ந்தெடுத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். கீ விற்கிறேன் என்று வருகிறவரிடம் பணம் கொடுக்க அவசியமில்லை. வைஃபை டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் போட்டு வையுங்கள். இன்ஸ்டால் முடிந்தபின் வைஃபை இல்லாமல், வைஃபை டிரைவரை எங்கிருந்து இறக்குவது?

இனி கழற்றுவது. சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வெளியே எடுக்கக்கூடியதானால் எடுங்கள், உள்ளே இருந்தால் அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரைப் பிடுங்குவது. பிறகு பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெரும்பாலான ஸ்க்ரூக்கு பிஹெச்0 ஸ்க்ரூடிரைவர், குட்டிகளுக்கு பிஹெச்00, சிலதில் நட்சத்திரத் தலை டி5. ரப்பர் கால்களுக்கு அடியிலும் சிடி டிரைவ் பக்கத்திலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மூடி வர மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி. ஒரு தாளில் லேப்டாப் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவை டேப் போட்டு ஒட்டுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானது இருந்த ஓட்டையில் முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு வரும், மதர்போர்டையும் துளைக்கலாம். மூடியைப் பிளக்கக் கத்தி வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும்.

டிஸ்க்கை அதன் தகர ஃப்ரேமோடு உருவி, ஃப்ரேமை எஸ்எஸ்டிக்கு மாற்றி உள்ளே தள்ளுங்கள். மூடியை முழுக்க மூடும் முன் ஒரு முறை ஆன் செய்து பயாஸில் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். டெல், ஏசர், ஆசூஸில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. பெயர் தெரிகிறது, ஆனால் பூட் டிவைஸ் இல்லை என்கிறது என்றால் எஸ்எஸ்டியில் கோளாறு இல்லை. பயாஸ் லெகஸி என்ற பழைய பூட் முறையில் இருக்கிறது, விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் ஏறியிருக்கிறது, அல்லது நேர்மாறாக. அதை மாற்றுங்கள். ரொம்பப் பழையதில் சாட்டா மோடு ஐடிஇ என்று இருந்தால், விண்டோஸ் ஏற்றும் முன்பே ஏஹெச்சிஐ ஆக்கிவிடுங்கள். ஏற்றியபின் மாற்றினால் நீலத்திரை.

சிடி டிரைவ் உள்ள லேப்டாப்பா? கேடி என்று கேட்டால் சிடி டிரைவ் இடத்தில் டிஸ்க் மாட்டும் சட்டம் கிடைக்கும், 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என இரண்டு தடிமனில். அளந்து வாங்குங்கள். எஸ்எஸ்டியை டிஸ்க் இருந்த இடத்திலும், பழைய டிஸ்க்கைக் கேடியிலும் போடுங்கள். மாற்றிப் போடக் கூடாது. பழைய மாடல் சிலதில் சிடி டிரைவ் போர்ட்டின் வேகம் குறைவு.

ரேம்

டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தட்டினால் இரண்டு ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று வலதுபக்கம் சொல்லும். 4 ஜி.பி.யில் விண்டோஸ் 10 ஓடுவது ஒற்றை அறை வீட்டில் கூட்டுக்குடும்பம் நடத்துவது போல. 8 ஆக்கினால் பெரும்பாலோருக்குப் போதும். நாற்பது டேப் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்கிறவர்களுக்கு 16.

தவறு நடப்பது வகையில். டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260 பின், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. இதில் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாற்றுவது டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒற்றை எழுத்து. இரண்டுக்கும் வெட்டு ஒன்றே, பின் எண்ணிக்கை ஒன்றே, கச்சிதமாக உட்காரும். ஆனால் முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். நாலாம், ஐந்தாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் 1.35 வோல்ட்டைத்தான் எதிர்பார்க்கின்றன. சாதா டிடிஆர்3 போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். லேபிளில் பிசி3எல் என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். எல் வகையைப் பழைய 1.5 வோல்ட் இயந்திரத்தில் போடலாம், அது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல்லும் உண்டு, டிடிஆர்4உம் உண்டு, கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று, 4 ஜி.பி. மதர்போர்டிலேயே ஒட்டி, ஒரே ஸ்லாட் மட்டும் காலியாக உள்ள மாடல்கள். அங்கே 4 சேர்த்து 8, அல்லது 8 சேர்த்து 12. மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ஸ்லாட்டே கிடையாது. அப்படியானால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

இரண்டு ஸ்லாட்டும் சம அளவில் நிரம்பினால் இரட்டைச் சானலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் தகவல் கடத்தும்படி ஓடும். தனி கிராஃபிக்ஸ் சில்லு இல்லாத லேப்டாப்பில் திரை ரேமைத்தான் கடன் வாங்குகிறது, வீடியோவிலும் விளையாட்டிலும் வித்தியாசம் தெரியும்.

மாட்டும் முறை: 30 டிகிரி சாய்வில் செருகி, தங்க நிறப் பற்கள் கிட்டத்தட்ட மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அமுக்கினால் இருபுறமும் க்ளிப் டக்கென்று பிடிக்கும். ஆன் செய்ததும் பதறாதீர்கள். ரேம் மாற்றிய முதல் முறை திரை வரச் சில நேரம் ஒரு நிமிடம்வரை ஆகும். அதற்குப் பிறகும் கறுப்பாகவே இருந்தால், அல்லது பீப் பீப் என்று கத்தினால், கழற்றிப் பற்களைப் பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி செருகுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகும். பிறகு புதுசை மட்டும் தனியாக, பழசை மட்டும் தனியாக, ஸ்லாட் மாற்றிப் போட்டுப் பாருங்கள். புல்-அவுட் ரேம் என்றால் டெஸ்டிங் வாரண்டி முடிவதற்குள் ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பிழைதானே என்று விட்டால் அது எக்செல் ஃபைலில் போய் உட்காரும்.

சூடும் தூசியும்

வொயிட் டாப்பிங் எனும் கான்கிரீட் ரோடும் மெட்ரோ தூணும் எழும்பிக்கொண்டே இருக்கும் ஊரில், மூன்று வருடம் திறக்காத லேப்டாப்பில், ப்ராசஸர் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் வாயில் கம்பளி மாதிரி ஒரு தூசிப் படலம் கட்டியிருக்கும். அதுவும் ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில், வெளியிலிருந்து ஊதினால் போகாத இடத்தில். ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சின்னதற்கு, முறுக்கும்போது சின்னதிலிருந்து பெரியதற்கு, ஒரே மூச்சில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். டெஸ்க்டாப்புக்குச் சொல்லும், நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் என்ற கணக்கு இங்கே சரிவராது. லேப்டாப் ப்ராசஸருக்கு மேலே உலோக மூடி கிடையாது, நேரடியாகக் கண்ணாடி மாதிரி சில்லு. அதன் முழுப் பரப்பிலும் மெல்லிசாகப் பரவ வேண்டும், ஒரு மூலை விட்டுப்போனாலும் அங்கே சூடு ஏறும். நீலமோ சாம்பலோ நிறத்தில் ரப்பர் பட்டை போல இருக்கும் தெர்மல் பேடை எடுத்துவிட்டுப் பேஸ்ட்டை அப்பக் கூடாது. அது இடைவெளியை நிரப்ப இருப்பது. கிழிந்தால் அதே தடிமனில் வாங்குங்கள்.

நூறு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த ப்ராசஸர் இதற்குப் பிறகு நன்றாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. இந்த ஒரு வேலை மட்டும் பயமாக இருந்தால் கடையில் கொடுங்கள், கூலி பெரிதில்லை. முன்னால் நின்று செய்யச் சொல்லுங்கள்.

பேட்டரி, சார்ஜர்

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதோடு ஒட்டி பேட்டரிரிப்போர்ட். ஆங்கில எழுத்தில்தான். ஓர் அறிக்கை உருவாகி, அது எங்கே சேமிக்கப்பட்டது என்று காட்டும். டிசைன் கெப்பாசிட்டி பிறந்தபோது இருந்த பலம், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இன்று மிஞ்சியிருப்பது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றலாம். வீட்டில் மேசை மேலேயே, சார்ஜரோடேயே இருக்கும் லேப்டாப்புக்கு அதுகூட அவசரமில்லை.

டச்பேட் புடைத்திருக்கிறது, மூடி சரியாகச் சேரவில்லை என்றால் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும்.

வாங்கும்போது மாடல் பெயரை நம்பாமல், பழைய பேட்டரியின் லேபிளில் உள்ள பார்ட் நம்பரைக் காட்டுங்கள். 10.8 வோல்ட்டும் 11.1 வோல்ட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். 11.1 இடத்தில் 14.8 கூடாது. தயாரிப்புத் தேதியையும் பாருங்கள், இரண்டு வருடம் அலமாரியில் தூங்கிய புதுப் பேட்டரி பாதி கிழவன். சார்ஜரில் வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், வாட் அதிகமாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது.

தேதி ஒவ்வொரு முறையும் பின்னோக்கிப் போனால் அது இந்தப் பேட்டரி இல்லை, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல். சில மாடல்களில் ஒயரோடு வரும், அப்படியே கேட்டு வாங்குங்கள்.

எட்டுக்குக் கீழே இருந்தால்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. வீட்டு உபயோகத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பதிவு செய்து பெறும்படி நீட்டினார்கள். விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்ற முடியும், ஏற்றித் தருகிற கடைகளும் உண்டு. ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. கோர் 2 டுவோ காலத்து இயந்திரத்தில் விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு பூட்டே ஆகாது. அது கேட்கும் கட்டளைகள் அந்தச் சில்லில் இல்லை.

பேங்க் வேலை, பிள்ளைகள் படிப்பு, யூடியூப், கடிதம் இவ்வளவுதான் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுங்கள். 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜி.பி. ரேம் என்றால் அதன் இலேசான எக்ஸ்எஃப்சிஇ வகை, 8 என்றால் சினமன் வகை. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வைஃபையும் சத்தமும் பிரிண்டரும் வருகிறதா என்று உறுதி செய்த பிறகு டிஸ்க்கில் ஏற்றலாம். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் அதன் எம்17என் தொகுப்பும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். விண்டோஸுக்கு மட்டுமே வரும் டேலி, சில டிஜிட்டல் கையெழுத்து மென்பொருள்கள் தேவைப்படுகிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். அவர்களுக்கு எட்டாம் தலைமுறை பழைய லேப்டாப்தான் மலிவான வழி.

கை வைக்க வேண்டாதவை

ப்ராசஸர் மாற்றம்: நாலாம் தலைமுறையோடு கழற்றும் ப்ராசஸர் போயிற்று, அதற்கப்புறம் எல்லாமே மதர்போர்டில் பற்றவைத்தவை. டிஸ்ப்ளேயை ஃபுல் ஹெச்டி ஆக்குவது: பேனல், அதற்கான கேபிள் என்று போய், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் ஆகிவிடும். உடைந்த திரைக்கு மட்டும், 30 பின்னா 40 பின்னா என்று பார்த்து அதே வகை. மதர்போர்டு ரிப்பேர்: ஒரு முறை செய்யலாம், அதே பலகை இரண்டாம் முறை போனால் விட்டுவிடுங்கள்.

வைஃபை கார்டு மாற்றுவது மட்டும் விதிவிலக்கு, 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்காத பழைய கார்டுகளுக்கு. பழைய ஹெச்பி, லெனோவோ மாடல்கள் பலவற்றில் தாங்கள் அனுமதித்த கார்டைத் தவிர வேறு மாட்டினால் பயாஸ் பூட் ஆக விடாது. அங்கே யூஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கிக்கொள்வதே சுலபம்.

கழற்றிய பொருள்களில், நன்றாக இருக்கும் ஹார்டு டிஸ்க்கை யூஎஸ்பி டப்பாவில் போட்டு பேக்கப்புக்கு வையுங்கள். செக்டர் கெட்டதை அல்ல. விற்பதானால் ஒரு முறை முழுக்கப் பூஜ்ஜியம் எழுதி அழித்துவிட்டு விற்கவும். பழைய ரேமை அதே எஸ்.பி. ரோடில் எடுத்துக்கொள்வார்கள், புதுசு வாங்கும்போதே பேரத்தில் சேர்த்துவிடுங்கள், தனியாகக் கொண்டுபோனால் பாதி விலைகூடத் தேறாது. பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி இ-வேஸ்ட் எடுக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால், நசுக்கும்போது எரியப் போவது அந்த வண்டி.